மூவாயிரம் பேருக்கு ஓர் உரிமம்



நியூ ஜெர்சியில் எத்தனையோ உணவகங்களில் மது விற்பதில்லை. வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று அறிவித்திருப்பார்கள். இதைப் பக்தி என்று எண்ண வேண்டாம். மது விற்கும் உரிமம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே காரணம். அந்தத் தட்டுப்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் சபைகளுக்கும் பங்குண்டு.

நம் மாநிலத்தின் தெற்கே உள்ள வைன்லாண்ட், 1861-இல் மது விற்காத ஊராகவே அமைக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த தாமஸ் வெல்ச் ஒரு பல் மருத்துவர். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். திருவிருந்தில் புளித்த ரசம் வேண்டாம் என்று எண்ணி, 1869-இல் திராட்சச்சாற்றைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கி, புளிக்காமல் காக்கும் வழியைக் கண்டார். இன்று கடைகளில் அவர் பெயரோடு விற்கும் திராட்சச்சாறு அங்கே தொடங்கியதுதான்.

ஆனால் நாடு முழுவதற்கும் மதுவிலக்கு வந்தபோது நியூ ஜெர்சி முகம் சுளித்தது. 1919-இல் மதுவிலக்கை எதிர்த்துப் பிரசாரம் செய்த எட்வர்ட் எட்வர்ட்ஸ் ஆளுநராக வென்றார். 1920 முதல் 1933 வரை சட்டம் இருந்தது, கள்ளக்கடத்தலும் இருந்தது. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியதும், மது விற்பனையைக் கண்காணிக்க மாநிலம் தனித் துறை அமைத்தது. 1947-இல் மக்கள்தொகைக்கு ஏற்ப உரிமங்களுக்கு வரம்பு கட்டினார்கள். இன்றைய கணக்கு, 3,000 பேருக்கு ஓர் உணவக உரிமம். 2020 கணக்கெடுப்பில் எடிசனின் மக்கள்தொகை 1,07,588. அதன்படி 35 உரிமங்கள்.

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும். சில ஊர்களில் ஓர் உரிமம் பத்து லட்சம் டாலரையும் தாண்டுகிறது. புதிதாக உணவகம் தொடங்கும் குடும்பம் அதை வாங்க முடியாது. வரம்பைத் தளர்த்த வேண்டும் என்பவர்களின் வாதம் இதுதான். அதில் நியாயம் உண்டு. 2024 ஜனவரியில் ஆளுநர் பில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம், பயன்படாமல் கிடக்கும் உரிமங்களை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவரவும், பெரிய வணிக வளாகங்களில் உள்ள உணவகங்களுக்குப் புது உரிமம் தரவும் வழி திறந்தது. மென்லோ பார்க் மால் இருக்கும் நம் ஊர் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பெற்றோர் வேறொரு வரலாற்றைப் பார்த்தவர்கள். 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். மது போனது, வரி வந்தது. பிறகு 1971-இல் கடைகள் திறந்தன. சில ஆண்டுகளில் மூடின. 1981-இல் மறுபடி திறந்தன. 2003-இல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் மூலம் அரசு ஏற்றது. விற்பனை வரி நின்றுவிடவில்லை. மதுவின் வருமானமும் அதோடு சேர்ந்துகொண்டது. கஜானா மதுவை நம்பத் தொடங்கிவிட்டால், கடையை மூடச் சொல்லும் தாய்மாரின் குரல் எளிதில் உள்ளே போகாது.

நான் நர்ஸ். வேறொரு நோய்க்காக வார்டில் சேர்ந்தவருக்கு, கடைசியாகக் குடித்து ஒரு நாள் ஆவதற்குள் கை நடுங்கத் தொடங்கும்; இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், வலிப்பும் வரும். அதுவரை அவர் குடிப்பது வீட்டில் பலருக்குத் தெரிந்திருக்காது. நம் சமூகத்தில் இதை மறைத்துவைப்பது அதிகம். இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. எளிதாகக் கிடைக்கும் இடங்கள் கூடினால் குடிப்பதும் கூடும். ஆகவே உரிமத்தின் எண்ணிக்கை வியாபாரிகளுக்கு மட்டும் உரிய கணக்கு அல்ல.

முழுவிலக்கு இங்கே நிலைக்கவில்லை. அரசே விற்பதும் அங்கே நன்மை தரவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நமக்கு மிஞ்சியிருப்பது, ஊரார் எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் இந்த முறை. ஊரார் பேசாவிட்டால் அதுவும் வெறும் எண்தான்.

சட்டம் நமக்குச் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. புது உரிமம் கேட்பவர் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் நகராட்சி எழுத்தரிடம் எழுத்தில் கொடுக்கலாம். கொடுத்தால் விசாரணை நடத்தியாக வேண்டும். ஆலயத்துக்கும் பள்ளிக்கும் 200 அடிக்குள் உரிமம் தரக்கூடாது. ஆனால் ஆலய நிர்வாகமே விரும்பினால் இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கலாம். பிற சபைகளின் ஆலயங்களில் வாடகைக்கு ஆராதிக்கும் தமிழ்ச் சபைகள், அந்த நிர்வாகத்தாரிடம் இதைப் பற்றி முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

வாக்களிக்கும் வயது வந்த வாலிபர்கள் நகர மன்றக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போய் உட்காருங்கள். எந்த இடத்துக்கு உரிமம், எத்தனை மணி வரை விற்பனை, பக்கத்தில் பள்ளி இருக்கிறதா என்று கேளுங்கள். வியாபாரம் செய்பவரைப் பகைக்க வேண்டியதில்லை. அவரும் நம் அயலார்தான். அதே தெருவில் குடியால் தவிக்கும் குடும்பமும் நம் அயலார்தான். அவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவர்களுக்காகவும் நாம் போக வேண்டும்.