கம்பம் பன்னீர் திராட்சையின் இத்தாலியப் பெற்றோர்: ஒரு மறுபார்வை

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வந்து, ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிவரை தள்ளுவண்டிகளில் விற்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாவரவியலாளர் அறிந்த அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இந்த இனத்தின் பெற்றோரில் ஒன்று ஸ்கியாவா க்ரோசா என்னும் வட இத்தாலியச் சிவப்பு ஒயின் திராட்சை. இந்த உறவுக்கு நம் எழுத்துகளில் உரிய இடம் கிடைக்கவில்லை. இத்தாலிய ஒயினுக்கும் தமிழகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் யவனர் கொண்டுவந்த சாடிகளைக் காட்டுகிறோம். பன்னீர் திராட்சை எப்போது வந்தது என்றால் 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்கிறோம். சாடி, திராட்சையின் இனத்தைச் சொல்லாது. பாதிரியார் கதை காலக்கணக்கில் நிற்காது. வம்சவழிச் சான்றே உறுதியானது. அதை ஏற்றால், பன்னீர் திராட்சை ஒயினை மதிப்பிடும் அளவுகோலும் மாறியாக வேண்டும்.

முதலில் சாடிகள். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கடல்வணிகக் கையேடான பெரிப்ளஸ், பரிகாசாத் துறைமுகத்தில் இறங்கும் ஒயின்களில் இத்தாலிய ஒயினுக்கே முதலிடம் என்கிறது. முசிறி வரும்போது ஒயின் வரத்து அதிகமில்லை என்று குறிக்கிறது. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோதும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அகழ்ந்தபோதும் ஆம்போரா என்னும் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அவற்றை எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்தார். ஒருபகுதி, வெசூவியஸ் எரிமலையைச் சுற்றியுள்ள கம்பானியா வட்டாரத்துச் சாடிகள். களிமண்ணில் கலந்திருக்கும் கரிய எரிமலை மணலே அடையாளம். இந்தச் சான்றில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ரோமானியச் சாடிகள் என்று முன்பு எண்ணப்பட்ட துண்டுகளில் பல உண்மையில் மெசபடோமியாவைச் சேர்ந்தவை என்று ராபர்ட்டா டாம்பரின் மறுஆய்வு காட்டியது. களிமண் ஊரைச் சொல்லும். உள்ளே இருந்தது எந்தக் கொடியின் சாறு என்பதைச் சொல்லாது. இன்று கம்பானியாவில் விளையும் அல்யானிக்கோ என்ற திராட்சையை ரோமானியரின் ஃபலேர்னிய ஒயினோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது விற்பனைக்கு உதவும் பெருமிதம். மரபணு அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்தால் உறையூர். சோழர் தலைநகரம் என்பதால் இத்தாலிய ஒயின் கதை இங்கும் நீட்டப்படுகிறது. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் ரௌலட்டட் மட்கலங்கள் கிடைத்தன. ஒருகாலத்தில் அவற்றை மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்காகவே கொண்டார்கள். அவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே செய்யப்பட்டவை என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. பெரிப்ளஸ் 'அர்கரு' என்று குறிக்கும் ஊர் உறையூர்தான் என்பது பரவலான கருத்து. அந்த நூலில் அவ்வூரின் சிறப்பு மெல்லிய துணி. உறையூரின் பழம்பெருமைக்குத் தறி போதும். ஒயின் சாடியைக் கொண்டுவந்து அதன் மேல் ஏற்றத் தேவையில்லை.

இனி பழம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ இந்த இனத்தை உருவாக்கினார். இன இணைப்புக்கு வழக்கமாகத் தரப்படும் ஆண்டு 1850. பிளாக் ஹாம்பர்க் என்று அங்கே வழங்கிய கறுப்புத் திராட்சையையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற வெள்ளைத் திராட்சையையும் இணைத்ததாகச் சொல்லப்பட்டது. இத்தாலியின் கோனெல்யானோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மன்னா கிரெஸ்பான் 2003-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு இதை உறுதிசெய்தது. பிளாக் ஹாம்பர்க் என்பது ஸ்கியாவா க்ரோசாவே. லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நடப்பட்டு இன்றும் காய்க்கும் பெருங்கொடியும் இதே இனம்.

ஆக, 1832-இல் யாராலும் மஸ்கட் ஹாம்பர்க்கைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. அது அப்போது பிறக்கவே இல்லை. பாதிரியார் கதை முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. பலிபூசைக்குத் திராட்சையிலிருந்து வடித்த ஒயினே வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. அதனால் பாதிரிமார் கொடி வளர்க்க முயன்றிருப்பது இயல்பே. ஆனால் 1832-இல் தமிழகத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக் குருக்கள் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிஸ் வேத போதக சபையினர். பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838-இல். திருச்சி அவர்கள் பணியின் முக்கியத் தளமாயிற்று. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரியை 1883-இல் இங்கே மாற்றினார்கள். 1832 என்ற ஆண்டு வேறொரு திராட்சையின் வருகையைக் குறிக்கலாம். பன்னீர் திராட்சையின் வருகையை 1850-க்குப் பிந்திய ஆவணங்களில்தான் தேட வேண்டும். இரு சபைகளின் கடிதங்களையும் தோட்டக் கணக்குகளையும் இந்தக் கேள்வியோடு படிக்கும் ஆய்வாளர் ஒருவர் வந்தால், ஒரு மாவட்டத்தின் வேளாண் வரலாறே திருந்தும்.

ஸ்கியாவா விளையும் இடம் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துத் தெற்குத் திரோல். முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவின் கீழிருந்த நாடு; இன்றும் ஜெர்மன் பேசுவோர் அங்கே மிகுதி. அவர்களுக்கு இது ஃபெர்னாட்ச். ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க்கில் ட்ரோலிங்கர். போல்சானோ நகருக்கு மேலுள்ள சாந்தா மத்தலேனா குன்றின் ஒயின் பெரும்பாலும் ஸ்கியாவா. லாக்ரைன் என்ற அடர்நிறத் திராட்சை சிறிதளவு சேரும். வெளிர் சிவப்பு, குறைந்த துவர்ப்பு, சற்றே குளிரவைத்துக் குடிக்கும் வழக்கம். கொடியைத் தலைக்கு மேல் பந்தலிட்டுப் படரவிடுவது அங்கே மரபு. கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் தொங்கும் கொத்துகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் வாதிடவில்லை. வேகமாகப் படர்ந்து பெருங்கொத்து விடும் கொடிக்கு இரண்டு நிலங்களின் உழவரும் தனித்தனியே ஒரே விடை கண்டிருக்கலாம்.

பன்னீர் திராட்சையின் வம்சவழி ஒன்றை ஐயமின்றிக் காட்டுகிறது. பெற்றோரில் மற்றது வெள்ளைத் திராட்சை. ஆகவே பன்னீர் திராட்சையின் கருமை முழுவதும் ஸ்கியாவா தந்தது. மணம் மஸ்கட் தந்தது. அந்த மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றான ஜெரானியால் ரோஜாவிலும் உண்டு. ஒருபக்கம் நிறம் வெளிறிய, துவர்ப்புக் குறைந்த ஒயினுக்குப் பேர்போன இனம், மறுபக்கம் வாசனை. இந்தப் பழத்திலிருந்து அடர்ந்த, துவர்ப்பேறிய ஒயினை எதிர்பார்த்துவிட்டு, கிடைக்காதபோது 'இது சாப்பிடும் பழம்தான், ஒயினுக்கு ஆகாது' என்று ஒதுக்குவது அநியாயம். கிரேக்கத்தின் தெசலியில் உள்ள தீர்னாவோஸ் ஊரார் இதே இனத்திலிருந்து ஒயினும் சிபுரோ என்ற வடிசாராயமும் செய்கிறார்கள். கலிபோர்னியாவில் இனிப்பு ஒயின் ஆகிறது. சீனாவில் இதிலிருந்து பெருமளவில் ஒயின் வடித்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இத்தாலியச் சிவப்பு என்றால் மகாராஷ்டிரத்து அக்லூஜில் ஃபிராட்டெல்லி நிறுவனம் வளர்க்கும் சாஞ்சியோவேசேயே பேசப்படுகிறது. அது டஸ்கனியின் பேர்போன இனம். அதன் மதிப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் முல்லைப் பெரியாற்று நீரில் தலைமுறைகளாகப் பழகிவிட்ட கொடி ஒன்று நம்மிடமே இருக்கிறது. அதன் உண்மையான இடர் விளைச்சலில் இருக்கிறது. கம்பத்தில் குளிர்கால உறக்கம் இல்லாததால் கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை; ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மகசூல். சந்தைக்கு இது லாபம், ஒயினுக்குப் பாதகம். தெற்குத் திரோலும் இதே வழியில் போய்ப் பட்டிருக்கிறது: கால்டாரோ ஏரிக்கரை ஒயினை மலிவாக, மிகையாக விளைத்து ஸ்கியாவாவின் பெயரையே கெடுத்துக்கொண்டார்கள். பின்னர், முதிய கொடிகளில் கொத்துகளைக் குறைத்து விளைத்தவர்களே அதை மீட்டார்கள். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் சில பந்தல்களை ஆண்டுக்கு ஒரே மகசூலுக்கு ஒதுக்கி, கொத்துகளைக் குறைத்து, அந்தச் சாற்றின் நிறத்தையும் மணத்தையும் வழக்கமான மகசூலோடு ஒப்பிட்டு வெளியிடட்டும். பன்னீர் திராட்சை ஒயினுக்கு ஆகுமா என்ற வழக்கு, அந்த முடிவுகளை வைத்துத்தான் தீர்க்கப்பட வேண்டும்.