தெஜிமாவும் அதன் துபாஷிகளும்

நாகசாகித் துறைமுகத்தில் கடலைத் தூர்த்து 1636-இல் கட்டி முடிக்கப்பட்ட செயற்கைத் தீவு தெஜிமா. விசிறி வடிவம்; பரப்பு ஒன்றரை ஹெக்டேருக்கு மேல் இல்லை. செலவை நாகசாகியின் செல்வந்த வணிகர்கள் 25 பேர் ஏற்றார்கள். ஊருக்குள் கலந்து வாழ்ந்த போர்ச்சுகீசியரை ஓரிடத்தில் ஒதுக்கி, கிறிஸ்தவ மதம் பரவாமல் தடுப்பதே நோக்கம். 1637-இல் ஷிமாபாரா வட்டாரத்து உழவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், வரிக்கொடுமை தாளாமல் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை ஒடுக்கிய தொகுகாவா அரசு, 1639-இல் போர்ச்சுகீசியரை நாட்டைவிட்டே விரட்டியது. காலியான தீவுக்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1641-இல் மாற்றப்பட்டார்கள். 1609 முதல் ஹிராதோவில் பண்டகசாலை வைத்திருந்த இவர்கள் வியாபாரத்தோடு நின்றுகொள்வார்கள் என்று அரசு நம்பியது.

அந்தக் காலத்து ஜப்பானைக் கதவடைத்த நாடு என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மை அல்ல. சீன வணிகர்கள் நாகசாகிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ட்சுஷிமா தீவு வழியாகக் கொரியாவுடனும் உறவு இருந்தது. ஐரோப்பியர் தங்கி வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் தெஜிமா என்பதே சரி.

தீவையும் ஊரையும் இணைத்தது காவலுடன் கூடிய ஒற்றைப் பாலம். அனுமதியின்றி டச்சுக்காரர் வெளியே வர முடியாது. பைபிளை வெளியே காட்டக் கூடாது; வழிபாடும் கூடாது. கப்பல்கள் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டாவியாவிலிருந்து கோடையில் வரும். பட்டும் சர்க்கரையும் துணியும் இறங்கும். வெள்ளியும் பிற்காலத்தில் செம்பும் ஏறும். அந்தச் செம்பில் ஒரு பங்கு சோழமண்டலக் கரையில் விலைபோயிற்று. அக்கரையின் கோடுபோட்ட பருத்தித் துணி, மயிலாப்பூர் சாந்தோமின் பெயரால் ‘சாந்தோமே’ என்றே ஜப்பானில் விற்கப்பட்டது.

ஆனால் ஜப்பானை மாற்றியது இந்தச் சரக்கு அல்ல, புத்தகங்கள். அவற்றைப் படித்துச் சொன்ன நாகசாகி மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளுக்கே இந்த வரலாற்றில் முதல் மரியாதை சேர வேண்டும். துபாஷி வேலை சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்தது. கப்பல் வந்ததும் சரக்குப் பட்டியலைப் பெயர்ப்பதும், டச்சுக்காரர் சொல்லும் உலகச் செய்திகளை அறிக்கையாக எழுதி, அரசின் இருப்பிடமான எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) அனுப்புவதும் அவர்கள் கடமை. அந்த அலுவலுக்கு அப்பால் பலர் மருத்துவமும் வானியலும் கற்றார்கள். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கோபர்நிக்கஸின் கொள்கையை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர் மோதொகி ர்யோயெய் என்ற துபாஷி.

1720-இல் தொகுகாவா அரசின் தலைவரான ஷோகன் யோஷிமுனே, கிறிஸ்தவ மதம் சாராத அயல்நாட்டு நூல்கள்மேல் இருந்த தடையைத் தளர்த்தினார். அதன் பலன் அரை நூற்றாண்டுக்குப்பின் எடோவில் தெரிந்தது. 1771-இல் சுகிதா கென்பாகு, மாயெனோ ர்யோதாகு முதலிய மருத்துவர்கள் கொலைக்களத்தில் ஓர் உடல் அறுக்கப்படுவதைப் பார்க்கப் போனார்கள். சுகிதா, மாயெனோ இருவர் கையிலும் ஒரே டச்சு உடற்கூற்று நூல். அறுத்தவர் ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக் காட்ட, இவர்கள் படங்களோடு ஒப்பிட்டார்கள். நுரையீரலும் கல்லீரலும் பழைய சீன ஏடுகளில் இருந்தபடி இல்லை. டச்சுப் படத்தில் இருந்தபடியே இருந்தன. மறுநாளே மொழிபெயர்ப்பைத் தொடங்கினார்கள். ஓரளவு டச்சு அறிந்தவர் நாகசாகிக்குப் போய்த் துபாஷிகளிடம் படித்த மாயெனோ மட்டுமே. அகராதி இல்லை, ஒரு வரியின் பொருள் பிடிபடாமல் பகல் முழுதும் கழிந்ததைச் சுகிதா முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பில் சொல்கிறார். அந்த மொழிபெயர்ப்பு ‘கைதாய் ஷின்ஷோ’ என்ற பெயரில் 1774-இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை தந்தவர் யோஷியோ கோக்யூ என்ற துபாஷி.

நெப்போலியன் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் டச்சுக் கப்பலே வரவில்லை. அப்போது தெஜிமாவின் தலைவராயிருந்த ஹென்ட்ரிக் டூஃப், துபாஷிகளோடு சேர்ந்து டச்சு-ஜப்பானிய அகராதி ஒன்றைத் தொடங்கினார். அவர் 1817-இல் ஊர் திரும்பியபின் துபாஷிகளே அதை 1833-இல் முடித்தார்கள். 1823-இல் தெஜிமாவுக்கு வந்த மருத்துவர் ஸீபோல்ட், தீவுக்கு வெளியே நாருதாகியில் பாடசாலை நடத்தும் அனுமதி பெற்றார். ஆனால் அயல்நாட்டார் கையில் சேரக் கூடாத நாட்டின் வரைபடங்கள் அவரிடம் அகப்பட்டன. அவர் நாடுகடத்தப்பட்டார், படங்களைக் கொடுத்த அரசு வானியலாளர் தாகாஹாஷி காகெயாசு சிறையிலேயே இறந்தார்.

டூஃப் அகராதி முதலில் கையெழுத்துப் படியாகவே பரவியது. ஓசகாவில் ஒகாதா கோவான் 1838-இல் தொடங்கிய பள்ளியில் அத்தனை மாணவர்களுக்கும் ஒரே படி. அதற்கென்று தனி அறை. தேர்வுக்கு முந்தைய இரவு அந்த அறையில் விளக்கு அணையாது. அங்கே படித்த ஃபுகுசாவா யுகிச்சி, அகராதியைப் படியெடுத்துக் கொடுத்தே மாணவர்கள் செலவுக்குச் சம்பாதித்ததைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அமெரிக்கத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்கள் வரப்போவதை டச்சுக்காரர் 1852-லேயே அறிக்கையில் எச்சரித்திருந்தார்கள். அரசு தக்கபடி ஆயத்தமாகவில்லை. மறு ஆண்டு கப்பல்கள் வந்தன. 1854-இல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டாருக்குத் திறக்கப்பட்டபோது அங்கே போன ஃபுகுசாவாவுக்குக் கடைப் பலகைகள் புரியவில்லை, எல்லாம் ஆங்கிலம். அவர் ஆங்கிலம் கற்கத் தொடங்கினார்.

அதே ஆண்டு தெஜிமாவின் டச்சுப் பண்டகசாலை மூடப்பட்டது. துறைமுகம் விரிவடைய விரிவடையச் சுற்றிலும் கடல் தூர்க்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவு நகரத்துக்குள் புதைந்தது. 1922-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக மீளக் கட்டப்பட்டுவருகின்றன. ஊரிலிருந்து தீவுக்குப் போகும் புதிய பாலம் 2017-இல் திறக்கப்பட்டது.