கொம்புமுறியும் வானொலிக் கேலியும்

மட்டக்களப்பு நாட்டில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்து வளர்ந்தது கொம்புமுறி விளையாட்டு. ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பர். எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவர். ஆயினும் கொம்பு முறிந்ததும் கூட்டம் கலைவதில்லை. வென்றவர், தோற்றவரை எள்ளிப் பாடும் வசைப்பாட்டு இனிமேல்தானே! கண்ணகியின் சினம் தணிக்க எழுந்த விளையாட்டு இது என்பது மரபு. சினம் தணிக்க ஏச்சுப்பாட்டா என்று வியக்கலாம். வாய்விட்டுச் சிரித்த இடத்தில் சினம் தங்குவது அரிது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் போலும்.

வாகரை செல்லும் கரையோர வழியில், களப்பை ஒட்டியுள்ள பனிச்சங்கேணி போன்ற ஊர்களுக்கு வேடிக்கைப் போட்டியை வேறொரு வடிவில் கொணர்ந்தது வானொலி. கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ்ச் சேவையில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’, பின்னர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் சென்றது. தரப்பட்ட எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும், அவ்வளவே. சிறுபிள்ளை விளையாட்டுத்தான்.

லண்டன் பி.பி.சி. இதனினும் அசட்டுத்தனத்துக்குத் துணிந்தது. 1967 டிசம்பரில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியில், தரப்பட்ட பொருள்பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். தயங்கலாகாது, கூறியது கூறலாகாது, பொருளைவிட்டு விலகலாகாது. 1972இல் தோன்றிய மற்றொன்றில் இடம்பெற்ற ஆட்டமோ இன்னும் விந்தை. நிலக்கீழ் ரயில் நிலையப் பெயர்களை மாறிமாறிச் சொல்வர். ‘மோர்னிங்டன் கிரசென்ட்’ என முதலிற் சொன்னவர் வென்றவர். விதி என்று ஒன்றும் இல்லை. நுட்பமான விதிகள் இருப்பதாக அனைவரும் நடிப்பர்!

விடையை விரைந்து சொல்பவரை நேயர் மதிப்பர், திணறுகிறவரையோ விரும்புவர். கொம்புமுறியில் வசை கேட்டவர் மறுநாளும் அதே ஊரில் நடமாட வேண்டும். பாட்டு மறந்தாலும் குத்தல் மறவாது. வானொலியில் முகம் தெரிவதில்லை. அங்கே சறுக்கியவரைப் பார்த்து அன்றி, அவரோடு சேர்ந்தே வீடு சிரிக்கிறது.

போட்டியாளர் பாட்டைத் தேடித் தடுமாறும்போது, திண்ணையில் இருப்பவர் ஒருவர் முந்திக்கொண்டு பாடிவிடுவார். “கேட்டது ‘கூ’, நீர் பாடியது ‘கு’ அல்லவா?” என்று அடுத்தவர் மறுப்பார். நிகழ்ச்சி முடிந்து, செய்தி தொடங்கிய பின்னும் அவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை.