சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்பிஎஃப் எண் மட்டும் போதுமா?
சன்ஸ்கிரீன் உறையில் பெரிதாக அச்சிடப்படும் எஸ்பிஎஃப் எண், தோலைச் சிவக்கச் செய்யும் புற ஊதா-பி கதிர்களுக்கு எதிரான பாதுகாப்பையே முதன்மையாகக் குறிக்கிறது. எஸ்பிஎஃப் 30 அக்கதிர்களில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். இந்தச் சிறு வேறுபாட்டிற்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, 'பிஏ' குறியீட்டைக் கவனிப்பது நல்லது. ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவித் தோல் சுருக்கத்தை உண்டாக்கும் புற ஊதா-ஏ கதிர்களுக்கான அளவீடு அது. ஜப்பானில் உருவான இம்முறையில், கூட்டல் குறிகள் கூடினால் பாதுகாப்பும் கூடும்.

பூசும் அளவும் முக்கியம். ஆய்வகத்தில் ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மி.கி. வீதம் பூசியே எஸ்பிஎஃப் கணக்கிடப்படுகிறது. பலர் அதில் பாதியளவுகூடப் பூசுவதில்லை என்பதால், உறையில் உள்ள எண்ணுக்குரிய பலன் கிடைப்பதில்லை. வெயிலில் பணிபுரிவோர் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும், அதிகம் வியர்த்தால் உடனேயும் மீண்டும் பூச வேண்டும்.