கோழி செத்த கதையும் டிரோன் சட்டமும்

ஆர்.வி. எடுத்துக்கிட்டு அமெரிக்காவுல ஊர் சுத்தக் கிளம்புற நம்ம மக்களோட மூட்டையில இப்பல்லாம் அரிசி, ஊறுகாயோட ஒரு கேமரா டிரோனும் இருக்கு. (ஆர்.வி.ன்னா படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. சக்கரம் வெச்ச வீடுன்னு வெச்சுக்குங்களேன்.) அடுத்த மாசம் யூட்டா பக்கம் போக நாங்களும் ஒண்ணு வாடகைக்குப் பேசியிருக்கோம். அப்போ நண்பன் ஒருத்தன் கேட்டான்: "தேசியப் பூங்காவுல டிரோன் விடக்கூடாதாம், பக்கத்துக் காட்டுல விடலாமாம். வானம் ஒண்ணுதானே மச்சி?"

நியாயமான கேள்வி. பதிலைத் தேடிப் போனா, அது ஒரு கோழிப்பண்ணையில போய் நிக்குது :-)

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ பக்கம் தாமஸ் லீ காஸ்பி என்பவர் கோழி வளர்த்து வந்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பக்கத்து விமான நிலையத்தை ராணுவம் பயன்படுத்த ஆரம்பித்தது. இறங்குகிற விமானங்கள் இவர் நிலத்துக்கு மேலே 83 அடியில் பறந்தன. இருந்ததிலேயே உயரமான மரத்துக்கும் விமானத்துக்கும் நடுவே 18 அடிதான் இடைவெளி! மிரண்டுபோய்ச் சுவரில் மோதியே சுமார் 150 கோழிகள் செத்தன. மனுஷன் தொழிலையே விட வேண்டியதாயிற்று. வழக்கு போட்டார்.

1946-ல் உச்ச நீதிமன்றம் ரெண்டு விஷயம் சொன்னது. ஒன்று, நிலம் யாருக்கோ, மேலே இருக்கிற வானம் முழுக்க அவருக்கே என்கிற பழைய கொள்கை விமானக் காலத்துக்கு ஒத்துவராது, வானம் பொதுவழி. இரண்டு, நிலத்தை ஒட்டியிருக்கிற காற்றுவெளி நிலத்துக்காரருக்கு வேண்டும். அதில் புகுந்து அவர் பிழைப்பைக் கெடுத்தால் நஷ்ட ஈடு உண்டு. ஆனா அந்த எல்லை இத்தனை அடின்னு கோர்ட் கோடு போடலை. கோடு போடாம விட்ட அந்த இடத்துலதான் இன்னைக்கு நம்ம டிரோன் பறக்குது.

அடுத்த கட்டம் 1981. பொம்மை விமானம் விடுகிறவர்களுக்கு விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. ஒரு அறிவுரை வெளியிட்டது: 400 அடிக்கு மேலே போகாதீங்க, மக்கள் கூடுற இடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க. ஆள் ஓட்டுகிற விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே வரக்கூடாது என்பதால், நடுவே 100 அடி பாதுகாப்பு. அன்று அறிவுரை, இன்று அதே 400 அடி சட்டம்.

2013-ல் பெட்டியைப் பிரித்ததும் பறக்கவிடக்கூடிய டிரோன்கள் கடைக்கு வந்தன. 2014 ஏப்ரலில் சயான் பூங்காவில் ஒரு டிரோன் காட்டாட்டு மந்தையைக் கலைத்து, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டது. காஸ்பியின் கோழி கதையேதான்! ஜூனில் தேசியப் பூங்காத் துறை தடை போட்டது. ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் பூங்காவின் பெரிய வெந்நீர் ஊற்றுக்குள் ஒரு சுற்றுலாப் பயணியின் டிரோன் விழுந்தது. அபராதமும் நஷ்ட ஈடுமாக அவருக்கு மூவாயிரம் டாலருக்கு மேல் செலவு.

இங்கேதான் நண்பனுக்குப் பதில். வானம் எஃப்.ஏ.ஏ. கையில். பூங்காத் துறைக்கு நிலம்தான் சொந்தம். அதனால அவங்க தடை, பூங்கா மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் டிரோனைக் கிளப்புறது, இறக்குறது, இயக்குறது மேலதான். எல்லைக்கு வெளியே நின்னு உள்ளே அனுப்பலாமேன்னு மூளை போகும். வேண்டாம், விலங்குகளை மிரட்டினா அது தனிக் குற்றம்.

தேசியக் காடுகளில் பொதுவாக விடலாம், ஆனா 'வில்டர்னஸ்' என்று அறிவித்த பகுதிகளில் கிளப்பவோ இறக்கவோ கூடாது. மாநிலப் பூங்காக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. தனியார் முகாம்னா உரிமையாளரைக் கேட்கணும், நிலம் அவருது. 250 கிராமோ அதற்கு மேலோ இருந்தா பதிவு பண்ணணும். எடை என்னவானாலும் 'டிரஸ்ட்' என்கிற இலவசத் தேர்வு எழுதணும். பறக்கிற டிரோன் கண்ணுக்குத் தெரியணும்.

கண்ணுக்குத் தெரியணும்னு ஏன் சொல்றாங்க? 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தீயின்போது, ஓட்டினவர் கண்ணை விட்டுத் தொலைஞ்ச ஒரு டிரோன், தண்ணீர் கொட்டிக்கிட்டிருந்த விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. ஊரே எரியும்போது ஒரு விமானம் பழுதுபார்க்க நின்னது. கோழியில ஆரம்பிச்ச கணக்கு மனுஷ உயிர் வரைக்கும் வந்துடுச்சு.

சட்டம் இடம்விட்டு இடம் மாறும். ஆனா 80 வருஷமா கேள்வி ஒண்ணுதான்: மேலே நாம பறக்கவிடுறது, கீழே இருக்கிறவங்க பிழைப்பைக் கெடுக்குதா? பக்கத்து ஆர்.வி.யில் தூங்குற குழந்தையும் அந்தக் 'கீழே இருக்கிறவங்க'ல சேர்த்திதான் மக்களே.