மின்சாரமும் மேனி நோவும்

உடம்பெடுத்தார் எவர்க்கும் நோவு உண்டு. அதனை நீக்க வேண்டுமென்னும் ஆவல் மனிதனை எத்தனையோ வழிகளில் நடத்திச் சென்றிருக்கின்றது. அவ்வழிகளுள் ஒன்று மின்சாரம். இன்று தோள், முதுகு, முழங்கால் என உடம்பின் பல இடங்களிலும் ஒட்டிக்கொள்ளத்தக்க சிறு மின்கருவிகள் விற்பனையாகின்றன. அவற்றில் தொங்கும் கம்பிகள் இல்லை. கைத்தொலைபேசியைக் கொண்டே அவற்றை இயக்கலாம். இவற்றை நேற்றுத் தோன்றிய அற்புதமென எண்ணுவோர் பலர். ஆனால் இதன் வரலாறு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. அவ்வரலாற்றை அறிந்தார்க்கே இக்கருவியின் பயனும் எல்லையும் ஒருங்கே புலப்படும்.

கிளோடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் றோமாபுரியிலே ஸ்கிறிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர் வாழ்ந்தார். கி.பி. 47 ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய மருந்து நூலில் கீல்வாதத்துக்கு ஒரு விநோதமான சிகிச்சை கூறப்பட்டுள்ளது. நோயாளி ஈரமான கடற்கரையிலே நின்று, உயிருள்ள மின்திருக்கை மீன் ஒன்றைப் பாதத்தின்கீழ் வைத்து, முழங்கால் வரையும் விறைக்குமளவும் நிற்றல் வேண்டும். தலையிடிக்கும் அம்மீனையே நோவுள்ள இடத்தில் வைக்கச் சொன்னார். மின்சாரம் இன்னதென உலகம் அறியாத அக்காலத்தில், மீனின் உடம்பே மின்கலமாய் உதவிற்று.

1745, 1746 ஆம் ஆண்டுகளில், மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் லைடன் சாடி கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் மின்சிகிச்சை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேகமாகப் பரவியது. பென்சில்வேனியாவில் இருந்த அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினிடம் பக்கவாத நோயாளர் பலர் அழைத்துவரப்பட்டனர். அவர் பெருஞ் சாடிகள் இரண்டில் மின்னேற்றி, வாதமுற்ற உறுப்புகளுக்கு நாளொன்றுக்கு மும்முறை அதிர்ச்சி கொடுத்தார். முதற் சில நாட்களில் சிறிது முன்னேற்றம் தோன்றியது. ஐந்தாம் நாளளவில் அது நின்றுவிட்டது. நோயாளரும் மனந்தளர்ந்து வீடு திரும்பினர். நிலையான பயன் எதனையும் தாம் கண்டதில்லை என 1757 இல் அவர் கடித மூலம் தெரிவித்தார். அம்மட்டோ? தோன்றிய சிறு நன்மையிலும் எவ்வளவு பங்கு, பிரயாணத்தால் உண்டான தேகப்பயிற்சிக்கும், குணமாவோம் என்ற நம்பிக்கை தந்த ஊக்கத்துக்கும் உரியது என்றும் அவர் ஐயுற்றார். தம் கையாற் செய்த சிகிச்சையையே இவ்வாறு சீர்தூக்கிப் பார்த்த நேர்மை என்றும் போற்றற்பாலது.

1791 இல் இத்தாலியரான கல்வானி, தவளையின் தசை மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1800 இல் வோல்ற்றா மின்கல அடுக்கை அறிவித்தார். பிரான்சு தேசத்து வைத்தியர் டியூஷேன் ஈரமாக்கிய இரு மின்வாய்களைத் தோலின்மேல் வைத்து, வேண்டிய தசையை மாத்திரம் தனித்து இயக்கிக் காட்டினார். அவருடைய நூல் 1855 இல் வெளிவந்தது. உடம்பின் எவ்விடத்துக்கும் வேறுவேறாகச் சிகிச்சை செய்யலாம் என்னும் இன்றைய எண்ணத்துக்கு இது ஒரு வித்தாகும்.

விஞ்ஞானம் நடந்து செல்ல, வியாபாரம் ஓடிச் சென்றது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புல்வெர்மாக்கர் என்பார் சிறு மின்கலங்களைச் சங்கிலியாகக் கோத்து, புளிங்காடியில் நனைத்து அணியும்படி விற்றார். பிற்காலத்தில் மின் அரைக்கச்சைகளும் பெருகின. வாதம், நரம்புத்தளர்ச்சி, அசீரணம் எல்லாவற்றுக்கும் ஒரே கச்சை மருந்தென விளம்பரங்கள் முழங்கின. நொந்தவர் நம்பினர், பொருளை இழந்தனர். இதனாலே மின்சிகிச்சை முழுவதுமே கற்றோரிடம் மதிப்புக் குன்றியது.

அம்மதிப்பை மீட்டது 1965 ஆம் ஆண்டு. மெல்சாக், வோல் என்னும் அறிஞர் இருவர், முள்ளந்தண்டு நாணிலே நோவுக்கு ஒரு வாயில் உண்டு என்னும் கொள்கையை வெளியிட்டனர். தொடுகையுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளைத் தூண்டினால் அவ்வாயில் ஓரளவு சாத்தப்படும் என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தை நாம் உடனே கையால் தேய்ப்பதும் இக்காரணத்தாற் போலும்! 1967 இல் வோலும் சுவீற் என்பாரும் நெடுநாள் நோவுடைய எண்மருக்குச் செக்கனுக்கு 100 துடிப்புகள் வீதம் மின்சாரம் செலுத்தினர். இரண்டு நிமிடத் தூண்டலால் நால்வருக்கு அரைமணி நேரத்துக்கு மேலாக நோவு தணிந்தது. நோயாளி அணிந்து நடமாடத்தக்க கருவிக்கு 1974 இல் அமெரிக்காவில் காப்புரிமை அளிக்கப்பட்டது.

இன்றைய கம்பியில்லாக் கருவி அதன் வழித்தோன்றலே. இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கம்பியின்றி வருவது கட்டளை மாத்திரமே, மின்சாரம் அன்று. ஒவ்வொரு பட்டையிலும் சிறு பற்றறி உண்டு. தோலிற் படிந்த இரு மின்வாய்களுக்கிடையே, முன்போலவே, மின்னோட்டம் செல்கின்றது. நீங்கியது கம்பி, நீங்காதது பழைய கேள்வி.

இக்கருவி சிலருக்கு, இயங்கும் வேளையிலே, நோவைத் தணிக்கலாம். நோயின் காரணத்தை அது களையாது. கீழ்முதுகு நோவுக்கு இதனை வழங்க வேண்டாமென 2016 இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் தன் வழிகாட்டலிற் கூறியது. இதயத் துடிப்பூக்கி பொருத்தப்பட்டோர், கருவுற்ற தாய்மார், வலிப்பு நோயுடையோர் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடலாகாது. கழுத்தின் முன்புறத்திலும் புண்ணின்மேலும் எவரும் ஒட்டலாகாது.

இளைஞர்களே! வீட்டு முதியோர் முழங்கால் நோவால் வருந்தும்போது, எதையேனும் வாங்கிக் கொடுத்துவிடத் துடிப்பது அன்பின் இயல்பு. அவ்வன்பையே விளம்பரக்காரன் விலை பேசுகின்றான். வாங்குமுன் பிராங்கிளின் கேட்ட கேள்வியை நாமும் கேட்போமாக: நன்மை செய்தது மின்சாரமா, நம்பிக்கையா? ஐந்தாம் நாளுக்குப் பின்னும் அது நிலைத்ததா? இவ்வாறு கேட்பது நோயாளியின் நம்பிக்கையைக் கெடுப்பதன்று. அவர் பொருளையும் உடம்பையும் காப்பதாகும்.