கச்சோரிக் கணக்கும் பாதிக் கதையும்

சரித்திர நூல்களைப் பயில்வோருக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. அவற்றில் மன்னர்கள் பட்டமேறுகிறார்கள், படை நடத்துகிறார்கள், நிலத்தை அளந்து தீர்வை விதிக்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தில் விளைந்ததை யார் சமைத்தார், யாருக்குப் பரிமாறினார், பசித்து வந்த வெளியூரானை எவர் உட்கார வைத்தார் என்னும் செய்திகள் அருகியே காணப்படும். இந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்பவை சுயசரிதைகள். தம் வாழ்க்கையை எழுதப் புகுந்தவர் உண்ட உணவையும் அதை அளித்த கையையும் மறவாது குறிப்பாரானால், அந்த நூலைப் படிப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. அத்தகைய நூல் ஒன்று வடநாட்டில் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது. தமிழகத்தை விட்டு வந்து வடக்கே குடியிருக்கும் நாம் அதை அறிந்திருத்தல் நலம்.

அந்த நூலின் பெயர் ‘அர்த்த கதானகம்’. ‘பாதிக் கதை’ என்பது அதன் பொருள். ஆசிரியர் பனாரஸிதாஸ் என்னும் ஜைன வணிகர். அவர் 1586-இல் ஜவுன்பூரில் பிறந்தார். அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் ஆகிய மூவர் ஆட்சியையும் கண்டவர். 1641-இல், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், ஆக்ராவில் இருந்துகொண்டு இந்நூலை எழுதினார். மனிதர்க்கு ஆயுள் நூற்றுப்பத்து ஆண்டுகள் எனக் கொண்டால், தாம் கூறுவது பாதிக் கதையே என்பது அவர் கருத்து. இந்திய மொழிகளில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சுயசரிதைகளுள் இது முதன்மையானது. ஏறத்தாழ 675 செய்யுட்களில், அக்கால மக்கள் பேசிய இந்தி மொழியில் இது அமைந்துள்ளது.

பனாரஸிதாஸ் தமது பெருமையைப் பாட வந்தவர் அல்லர். வாணிகத்தில் அவருக்குக் கிட்டியதில் பெரும்பகுதி நஷ்டமே. 1610-ஐ ஒட்டிய காலத்தில் தந்தை கரக்ஸேனர் அவரை மணிகளும், நெய்யும், எண்ணெயும், துணியும் கொடுத்து ஆக்ராவுக்கு அனுப்பினார். அனுபவமில்லாத இளைஞர் சரக்கை நட்டத்திற்கு விற்றார், மணிகள் சில கைநழுவிப் போயின, முதல் கரைந்தது. கடைத்தெருவுக்குப் போவதற்கே நாணி வீட்டில் தங்கினார்.

அந்நாட்களில் அவருக்கு எஞ்சியிருந்த செல்வம் படிக்கத் தெரிந்த நாவு ஒன்றுதான். இரவு வேளைகளில் ‘மதுமாலதி’, ‘மிருகாவதி’ என்னும் காதற் காவியங்களை உரக்கப் படிப்பார். பத்து இருபது பேர் வந்து அமர்ந்து கேட்பார்கள். அவ்விரண்டும் சூபி நெறியைச் சார்ந்த முஸ்லிம் கவிஞர்கள் இயற்றியவை. படித்தவரோ ஜைனர். கேட்டவர்களுள் ஒருவர் கச்சோரி விற்பவர். பருப்புப் பூரணத்தை உள்ளே வைத்துப் பொரித்தெடுக்கும் அந்தப் பண்டத்தை வடநாட்டில் வாழும் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பனாரஸிதாஸ் நாள்தோறும் அவரிடம் கடனுக்குக் கச்சோரி வாங்கி உண்டு பசியாறினார்.

ஒரு நாள் அவருடைய மனச்சான்று உறுத்தியது. கச்சோரிக்காரரைத் தனியே கண்டு, தம்மிடம் பொருளில்லை என்றும், இனிக் கடன் கொடுக்க வேண்டாம் என்றும் உண்மையைக் கூறினார். கடைக்காரர் சினங்கொள்ளவில்லை. இருபது ரூபாய் வரையில் உண்ணலாம் என்றும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றும், விரும்பிய இடத்திற்குப் போகலாம் என்றும் விடை கூறினார். இவ்வாறு ஆறு ஏழு மாதங்கள் கழிந்தன. பின்னர் உறவினர் ஒருவர் வந்து அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கையில் பொருள் வந்தபொழுது அவர் கச்சோரிக் கடனைத் தீர்த்தார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் எத்தனை செய்திகள் அடங்கியிருக்கின்றன! முகலாயர் காலத்து ஆக்ராவில் ஜைன வணிகர் ஒருவர் முஸ்லிம் புலவரின் கதையைப் படித்ததும், கடைத்தெரு மனிதர் அதைச் சுவைத்ததும், பத்திரமும் பிணையும் இன்றி வெளியூரானுக்கு மாதக்கணக்கில் கடன் நடந்ததும் இதிலிருந்து தெரியவருகின்றன. இவற்றை எந்த அரசாங்க ஏட்டிலும் தேடிக் காண்பது அரிது. அக்கடைக்காரரின் பெயரைக்கூட நூல் சொல்லவில்லை. ஆயினும், உண்டவர் நன்றியோடு எழுதிவைத்தமையால் அவர் இன்றளவும் வாழ்கிறார்.

இருபது என்னும் அதே எண் நூலில் மற்றோரிடத்திலும் வருகிறது. நொடித்துப்போன பனாரஸிதாஸ் மாமனாரின் ஊராகிய கைராபாத்துக்குச் சென்றபோது, இரவில் மனைவி அவருடைய முகவாட்டத்தைக் கண்டு காரணத்தை உசாவினாள். அவர் மறைக்காமல் கூறினார். அவள் தான் சேமித்து வைத்திருந்த இருபது ரூபாயைக் கணவனிடம் கொடுத்தாள். அதன்பின் தன் தாயிடம் சென்று கண்ணீருடன் நிலைமையை உரைத்தாள். தாயும் பிறர் அறியாமல் இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். ஆடவர்களின் கணக்கேட்டில் ஏறாத சிறு சேமிப்பு ஒன்று பெண்களின் கையில் இருந்ததையும், குடும்பம் தள்ளாடிய வேளையில் அது ஊன்றுகோலாக உதவியதையும் இதனால் அறிகிறோம்.

இதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அந்த இரு பெண்களும் அவரைக் காத்திருந்தனர். திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்துக் கைராபாத்தில் அவர் உடல் முழுதும் புண் கண்டு படுத்தார். அருகில் அமர்ந்து உண்ணவும் மற்றவர்கள் அஞ்சினார்கள். மனைவியும் மாமியாரும் மட்டும் அருவருப்பின்றி மருந்திட்டு, வாயில் உணவு ஊட்டினர். வைத்தியம் செய்தவர் ஒரு நாவிதர். பத்திய உணவு உப்பில்லாத கடலை. அந்த மனைவி பின்னர் இறந்தாள். அவள் மரணச் செய்தியும், அவள் தங்கையை மணம் பேசும் செய்தியும் ஒருங்கே வந்தன. கொல்லனுடைய குறடு ஒரு கணம் நெருப்பிலும் மறுகணம் நீரிலும் இருப்பது போன்றது தம் நிலை என்று அவர் குறிக்கிறார். ஒன்பது மக்கள் பிறந்தும் ஒருவரும் தங்கவில்லை என்பதை நூலின் இறுதியில் படிக்கும்போது, கச்சோரிக் கதையில் புன்னகை புரிந்த நாம் மௌனமாகிவிடுகிறோம்.

மிகப் பிற்காலத்தில் தோன்றிய சுயசரிதைகளிலும் இத்தகைய இடங்கள் உள. காந்தியடிகள் 1925 முதல் ‘நவஜீவன்’ இதழில் எழுதிவந்த சரிதையில், இளமையில் நண்பனுடன் மறைவாகப் புலால் உண்டு, வீட்டில் தாயிடம் பசியில்லை என்று பொய்யுரைத்ததைக் கூறுகிறார். உணவைவிட அந்தப் பொய்யே அவரை வருத்தியது. பின்பு 1888-இல் தாய்க்கு அளித்த வாக்குறுதியோடு லண்டன் சென்றார். வீட்டுக்காரியின் பெண்கள் இன்னும் ஒரு துண்டு ரொட்டி வேண்டுமா என்று கேட்டபோது, முழு ரொட்டியையும் உண்ணும் பசி இருந்தும் கூச்சத்தால் மறுத்தார். வேற்றூரில் தனியே வாழத் தொடங்கிய எவருக்கும் இப்பசியும் இக்கூச்சமும் புதியன அல்ல.

நம் உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையில் எழுதிய ‘என் சரித்திரம்’ மற்றொரு செய்தியைத் தருகிறது. ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மாணவரும் தமிழால் ஒன்றுபட்டவர்கள். ஆயினும் அக்காலச் சாதி வழக்கத்தால் மாணவர் ஆசிரியர் வீட்டில் உண்ண இயலாது. வேறிடத்தில் உண்டு வரவேண்டும். மாணவர் உண்டாரா என்னும் கவலை மட்டும் ஆசிரியரை விட்டதில்லை. அன்பு எவ்வளவு தூரம் சென்றது, வழக்கம் அதை எவ்விடத்தில் தடுத்து நிறுத்தியது என்னும் இரண்டையும் சோற்றிலை ஒன்றே நமக்குக் காட்டிவிடுகிறது.

நினைவை நம்பி எழுதியவை முழுதும் சரித்திரமாகுமா என்று கேட்கலாம். பல ஆண்டுகள் சென்றபின் எழுதியதில் நாளும் தொகையும் பிறழக்கூடும். ஆயினும், தமக்கு இழுக்குத் தருவதைத் தாமே சொல்பவரின் வாக்குக்கு மதிப்பு அதிகம். கடனுக்கு உண்டேன், மனைவியின் சேமிப்பைப் பெற்றேன் என்று ஒரு வணிகர் கூறுவதில் புனைவுக்கு இடம் மிகக் குறைவு.

‘அர்த்த கதானகம்’ 1943-இல் அச்சாயிற்று. 1981-இலும் 2009-இலும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. ஆக்ராவிலும் லக்னோவிலும் தில்லியிலும் இருக்கும் நேயர்கள் தங்கள் பிள்ளைகளின் இந்தி அறிவைத் துணைகொண்டு மூல நூலையே வீட்டில் உரக்கப் படித்துப் பார்க்கலாம். நாம் வந்து குடியேறிய ஊர்களில், முதல் மாதச் சம்பளம் வருமுன் நம்பிச் சாப்பாடு போட்டவர்கள் நம்முள் பலருக்கும் இருப்பார்கள். அவர்களுடைய பெயரை நாமாவது மறவாமல் எழுதிவைப்போம்.